இ20 பெட்ரோல்: குமரி மாவட்டத்தில் வண்டி, வள்ளம், புல்வெட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை எந்த பங்கில் போட்டாலும் இன்று கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல்தான். அதை அமிர்தம் என்பவர்களும் உண்டு, விஷம் என்பவர்களும் உண்டு. நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் வந்து விழும் சந்தேகங்களைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம். ஈரக்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள மாவட்டம் இது. கல்ஃபில் இருப்பவர்களின் வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் ஊரும்கூட. அதனால் பதில்களில் தண்ணீர்ப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வரும்.

இ20 என்றால் என்ன? திடீரென்று எப்படி வந்தது?

100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால், மிச்சம் பெட்ரோல். எத்தனால் வேறொன்றுமில்லை, சாராயம்தான். பனஞ்சாறு புளித்துக் கள்ளாகும்போது உண்டாகிற அதே பொருளைக் காய்ச்சி, அதிலிருக்கும் தண்ணீரை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டுக் கலக்கிறார்கள்.

இது திடீரென்று வரவில்லை. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022 ஜூனில் நாடு முழுவதுமான சராசரி 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் இ20 விற்பனையைத் தொடங்கிவைத்தார். 20 சதவீதத்தை 2030இல் எட்டுவது என்றுதான் 2018ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. பிறகு அதை 2025-26க்கு முன்னே இழுத்தார்கள், 2025லேயே எட்டியும் விட்டார்கள். பத்திலிருந்து இருபதுக்கு மூன்றே வருடம். ரோட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வாங்கியவை. சண்டைக்கு மூலகாரணம் அந்த வேகம்தான்.

மைலேஜ் உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் வரும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதிலிருந்து நீங்களே கணக்குப் போடலாம். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20இல் சக்தி சுமார் 7 சதவீதம் குறைவு. இ10 (10 சதவீதக் கலப்பு) உடன் ஒப்பிட்டால் சுமார் மூன்றரை சதவீதம் குறைவு.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதை ஒட்டித்தான் பேசுகிறது: பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7, இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4, இ10க்கு வடிவமைத்து இ20க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம். அரசு தரப்பு 'சொற்பம்' என்கிறது, மறுதரப்பு 'ஏழு சதவீதம் போச்சு' என்கிறது. இரண்டுமே ஒரே அட்டவணையின் வெவ்வேறு வரிகள்தான்.

ரூபாயில் பார்த்தால்தான் கை கடிக்கும். லிட்டர் 102 ரூபாய் என்று வையுங்கள். 45 கிலோமீட்டர் தரும் பைக்கில் மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டினால் 20 லிட்டர் ஆகும். 4 சதவீதம் குறைந்தால் கூடுதல் செலவு 85 ரூபாய்க்குப் பக்கம். 18 கிலோமீட்டர் தரும் காரில் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி 6 சதவீதம் இழந்தால், கூடுதல் மூன்றரை லிட்டர், அதாவது 360 ரூபாய்.

'எனக்கு இருபது சதவீதம் குறைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், அது எத்தனால் மட்டும் செய்த வேலை இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறதா, பிளக் தேய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். மைலேஜ் அளப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரே பங்கில் டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்து, குறைந்தது மூன்று முறை நிரப்பியபின் மொத்தமாக வகுங்கள். 200 ரூபாய்க்குப் போட்டு 'எவ்வளவு ஓடியது' என்று பார்ப்பது கணக்கே இல்லை.

சக்தி குறைவான சரக்குக்கு விலை ஏன் குறையவில்லை?

மக்கள் கேட்பதிலேயே நியாயமான கேள்வி இது. எத்தனால் விலை குறைவாக இருந்த காலத்தில், எத்தனால் கலந்த பெட்ரோலை மலிவாக விற்கலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையிலேயே யோசனை இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலை இறுதி நிலவரப்படி எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்குக் கொடுத்த சராசரி விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரி சேராமல் வெளிவரும் பெட்ரோலைவிட இது கூடுதல் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்கிறது. நாம் தரும் 100 சொச்ச ரூபாயில் கணிசமான பகுதி வரியும் கமிஷனும்.

கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, அந்நியச் செலாவணி மிச்சம் என்பதும் உண்மைதான். 2014-15இலிருந்து 2025 ஜூலை வரை மிச்சமானது 1.44 லட்சம் கோடி ரூபாய் என்பது அரசின் கணக்கு. ஆனால் அந்த மிச்சம் நாட்டுக்கு, மைலேஜ் நஷ்டம் வண்டிக்காரனுக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டு 'எல்லாருக்கும் லாபம்' என்று சொல்வது சரியில்லை.

என் வண்டிக்கு இ20 ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் இ20 என்று ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவற்றில் ரப்பரும் உலோகமும் இ20 தாங்கும் வகையில் இருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் தயாரானவை பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். சைலன்சர் பக்கம் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கலவையைக் கவனித்து ஓரளவு சரிசெய்துகொள்ளும், மைலேஜ் மட்டும் கொஞ்சம் போகும். அதற்கு முந்தைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வண்டிகள்தான் கவனிக்க வேண்டியவை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன்னே போகிற பழைய பைக்குகள் பெரும்பாலும் இந்த வகை.

பழைய கார்புரேட்டர் பைக்கில் என்னென்ன கெடும்? என்ன செய்யலாம்?

மூன்று வகைத் தொல்லை வரும். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஒர்க்‌ஷாப்பில் காசுதான் வீணாகும்.

முதலாவது அழுக்கு. எத்தனால் நல்ல கரைப்பான். பத்து வருடமாக டேங்க் சுவரில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் இளக்கிக் கீழே கொண்டுவந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். புதுக் கலவைக்கு மாறியபின் முதல் இரண்டு மூன்று டேங்கில் இது நடந்துவிடும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி அதன் சல்லடையைக் கழுவி, லைனில் ஒரு ஃபில்டர் மாற்றினால் தீர்ந்தது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை தலைமுடி நுழையும் அளவுதான். அதை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தினால் துளை பெரிதாகி ஐட்லிங் பிறகு சரியாகவே வராது. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றுப் பிடியுங்கள். கட்டாயம் குத்தித்தான் ஆக வேண்டுமென்றால் மின் வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக்கொள்ளுங்கள், அது ஜெட்டைக் கீறாது.

இரண்டாவது ரப்பர். நைட்ரைல் வகை ஓ-ரிங், ஹோஸ், ஃப்ளோட் (மிதவை) நீடில் நுனி எல்லாம் ஊதும், பிறகு வெடிக்கும். ரப்பருக்குப் பேர்போன மாவட்டம்தான், ஆனால் நம் மரத்தில் வடியும் இயற்கை ரப்பர் பெட்ரோலுக்கு அறவே ஆகாது. ஃப்ளோரோ ரப்பர், அதாவது கடைகளில் 'வைட்டான்' என்று கேட்டால் தருவது, தாங்கும். ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் ஊதிப்போன ஓ-ரிங் திரும்பப் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்குவதைப் பார்க்கலாம். அதை அமுக்கித் திணித்து மூடினால் ஒழுகும். கிண்ணத்தைத் திறக்கும் முன்பே புது ஓ-ரிங் கையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் பழையதை ஒரு நாள் காற்றாட வைத்தால் சுருங்கி ஏறக்குறைய பழைய அளவுக்கு வரும், அன்றைய தேவைக்கு அது போதும். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டிக்கொண்டே இருந்தால் ஃப்ளோட் நீடிலை மாற்றுங்கள். ஹோஸ் வாங்கும்போது எஸ்ஏஈ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். ஆர்7 கொஞ்சம் மலிவு, எத்தனாலுக்கு அவ்வளவு நாள் நிற்காது.

மூன்றாவது கலவை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஜெட் அதே அளவில் இருந்தால் காற்று கூடிப்போய்க் கலவை 'லீன்' ஆகும். காலையில் சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது, ஆக்ஸிலரேட்டரைத் திறக்கும்போது ஒரு தடுமாற்றம், பேச்சிப்பாறை ஏற்றத்தில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடு, பிளக்கைக் கழற்றினால் காப்பி நிறத்துக்குப் பதில் வெள்ளை. இ10இலிருந்து இ20க்கு வருவதால் எரிபொருள் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வேண்டும், அதற்கு மெயின் ஜெட் ஒரு எண் கூட்டினால் போதும். இரண்டு மூன்று எண் ஏற்றிவிட்டு 'பிக்கப் சூப்பர்' என்பார்கள், மைலேஜைப் பிறகு தேட வேண்டியதுதான்.

ஐட்லிங்குக்கு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவை ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும்.

தண்ணீர் பிரியும் என்கிறார்களே, அது என்ன?

பெட்ரோல் தண்ணீரோடு சேராது. எத்தனால் இரண்டோடும் சேரும். ஆகவே டேங்கில் கொஞ்சம் தண்ணீர் வந்தால் எத்தனால் அதைப் பிடித்துத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும், எஞ்சினில் போய் ஆவியாகிவிடும். ஒரு வகையில் இது நல்லதும்கூட, பழைய காலம்போல் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிற்பதில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இ10 என்றால் 15 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி. இ20 இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால் தண்ணீர் மட்டும் தனியே இறங்காது, எத்தனாலையும் கூடவே இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கும். மேலே மிஞ்சும் பெட்ரோலில் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மை, குறைந்துவிடும். அடியில் நிற்பது எரியாத, அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும் ஒரு கஷாயம். பெட்ரோல் டேப்பும் பம்பும் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே.

காற்றிலிருக்கும் ஈரத்தை மட்டும் குடித்து ஒரே வாரத்தில் பிரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். தினமும் ஓடும் வண்டியில் அது நடக்காது. மழைத்தண்ணீர் நேராக இறங்குவதும், மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்பதும்தான் ஆபத்து.

ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் பைக் டேங்குக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

பெட்ரோல் மூடி உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். அதில் விழும் மழைத்தண்ணீர் டேங்குக்கு அடியில் செல்லும் குழாய் வழியாக வெளியேற வேண்டும். மண்ணும் தூசியும் சேர்ந்து துளை அடைந்தால் பள்ளம் கிண்ணமாகி, மூடி ரப்பர் தேய்ந்த இடத்தில் தண்ணீர் உள்ளே கசியும். சைக்கிள் ஸ்போக் கம்பியைத் துளையில் விட்டு எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா பாருங்கள். இது வருடத்தில் ஒரு முறை, மே மாதம் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டியவர்கள் நிறையப் பேர்.

உள்ளே போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடிக் குப்பியில் 50 மில்லி பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். கலங்கலாக இருந்தாலோ கீழே தனி அடுக்கு நின்றாலோ டேங்க் மொத்தத்தையும் வடித்தாக வேண்டும். புதுப் பெட்ரோல் ஊற்றினால் சரியாகும் என்று பார்க்காதீர்கள். அடியில் நிற்கும் அடுக்கு புதுப் பெட்ரோலில் உள்ள எத்தனாலையும் இழுத்துக்கொள்ளும்.

பாட்டிலில் பெட்ரோலோடு தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அடியில் தண்ணீர் அதிகமாகிறதே, கலப்படம்தானே?

இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோ காட்டுவது எத்தனாலைத்தான். 100 மில்லி அளவுக் குழாயில் 80 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பெட்ரோலில் இருந்த 16 மில்லி எத்தனாலும் தண்ணீருக்குள் போய், கீழ் அடுக்கு 36க்குப் பக்கம் வந்து நிற்கும். அப்படி வந்தால் அது இ20 என்று அர்த்தம். 40ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பங்கில் தரம் பார்க்க இரண்டு வழி உண்டு. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் உலர வேண்டும். அடர்த்தி அளந்து 15 டிகிரிக்குத் திருத்தினால், அன்றைய பதிவேட்டில் உள்ள எண்ணோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் முத்திரைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம்.

வீட்டுக்காரர் கல்ஃபில். வண்டி எட்டு மாதம், பத்து மாதம் நிற்கும். டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

பைக், ஸ்கூட்டர் டேங்க் இரும்பு. ஒன்றிரண்டு மாதம் மட்டுமே நிற்கும் என்றால் கழுத்துவரை நிரப்புங்கள், உள்ளே காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்ப்பதும் துருப்பிடிப்பதும் குறையும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் முழுவதும் வடித்துவிடுங்கள். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடிக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறப்பார்கள். கிண்ணத்தில் தங்கும் இரண்டு ஸ்பூன் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக மாறிப் பைலட் ஜெட்டை அடைக்கும். வடித்தபின் டேங்குக்குள் 50 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு வண்டியைச் சாய்த்துச் சாய்த்து உட்சுவரில் படரவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது அரை லிட்டர் பெட்ரோலால் அலசிவிட்டு நிரப்பலாம்.

இப்போதைய கார் டேங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதால் சைலன்சரில் தண்ணீர் சேர்வதைத் தவிரப் பயன் இல்லை. ஓட்ட ஆள் இல்லையென்றால் கால் டேங்க் மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் புதுப் பெட்ரோலால் நிரப்பி ஓட்டினால் பழையது கலந்து தீர்ந்துவிடும்.

ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் அடிக்கடி நிற்கிறது. எத்தனால்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். இ20 விவாதத்தில் யாரும் பேசாத பகுதி இது. கார் கம்பெனிகள் அறிக்கை விட்டன, டிவியில் மைலேஜ் பேசினார்கள். புல்வெட்டி, மரம் அறுக்கும் செயின் சா, மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயர், சின்ன ஜெனரேட்டர் எல்லாம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையை இந்த மாதிரிச் சின்ன எஞ்சின், படகு, மோட்டார் சைக்கிள் எதிலும் போடக் கூடாது என்றே விதி. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப்தான்.

இந்த மெஷின்களின் கார்புரேட்டரில் மிதவை கிடையாது, மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் உண்டு. அது விறைத்துப்போனால், மெத்தென்று மடங்க வேண்டியது காய்ந்த அப்பளம்போல் சத்தமிடும். அப்படியானால் மாற்ற வேண்டியதுதான். டேங்குக்குள் போகும் மெல்லிய குழாய் விறைத்து, நுழைவாயிலில் வெடித்துக் காற்றை உறிஞ்சும். பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பை எத்தனை முறை அமுக்கினாலும் குமிழியாகவே வந்தால் குழாயைப் பாருங்கள்.

பெரிய ஆபத்து வேறு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயிரே பெட்ரோலில் கலந்த 2டி ஆயில்தான். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25, 25க்கு 1 என்றால் 40. பெட்ரோலில் தண்ணீர் பிரிந்தால் ஆயில் மேலடுக்கோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் ஆயில் இல்லாத சாராயத் தண்ணீரைக் கொடுக்கும். மெஷின் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துவிடும். சிலிண்டர் கிட் விலை உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். இரண்டு வாரம் ஆன கலவையைப் புல்வெட்டிக்கு ஊற்றாதீர்கள். கேனை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் திறந்த மூடியோடு வைக்க வேண்டாம். ஊற்றும் முன் குலுக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் கேனில் திரும்ப ஊற்றிவிட்டு, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஹை ஸ்பீடு ஸ்க்ரூ இருக்கும் மாடலில் அதை எட்டில் ஒரு சுற்று இடப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கொஞ்சம் கூடி எஞ்சின் சூடாகாமல் ஓடும். லேசாகப் புகை வந்தால் வரட்டும், குற்றமில்லை.

வள்ளத்து அவுட்போர்டு எஞ்சினுக்கு?

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், கரைக்கு வருமுன் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி லைனைச் சுத்தமாக்கி நிறுத்துவார்கள். பெட்ரோல் கொஞ்சமாகத்தான் செலவாகும் என்பதே இங்கே பிரச்சினை. சின்ன டேங்கில் அது வாரக்கணக்கில் கடல் காற்றில் நிற்கும், அலை தெறிக்கும். கடல் அடி (பேரலை) இருக்கும் நாட்களில் வள்ளம் கரையேறிக் கிடக்கும்போதும் அந்த டேங்க் அப்படியே இருக்கும்.

பெட்ரோல் டேங்கை வள்ளத்தில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காற்றுத் துளை ஸ்க்ரூவை முடுக்கி வையுங்கள். லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வகை, ஒன்று போட்டால் கிண்ணத்தில் தண்ணீர் நிற்பது கண்ணுக்கே தெரியும். கை பம்பின் உள் வால்வு ஊதினால் அமுக்கும்போது கெட்டியாகாது, அதை முழுசாக மாற்றத்தான் வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ரோட்டோரம் தள்ளிக்கொண்டு போகிற கதை இல்லை. இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு ஓட்டலாமா? அடிட்டிவ் ஊற்றினால்?

பிரிக்க வேண்டாம். ஆக்டேனை ஏற்றித் தருவதே அந்த எத்தனால்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எஞ்சினில் 'டிக் டிக்' என்று தட்டும் தரக்குறைவான பெட்ரோல், அதிலும் ஈரம் மிச்சம் இருக்கும். வீட்டில் பக்கெட்டில் பெட்ரோலைக் கலக்குவது தீ விபத்தை விலைகொடுத்து வாங்குவது.

அடிட்டிவ்களில் துரு தடுப்பானும், பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்துவதும் உண்மையிலேயே வேலை செய்யும், நிற்கும் வண்டிக்கு மட்டும். பிரிந்த தண்ணீரைத் திரும்பச் சேர்க்கும் மருந்து எதுவும் இல்லை.

பிரீமியம் போட்டால் தப்பிக்கலாமா? கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போய்ப் போட்டால்?

95 ஆக்டேன் பிரீமியத்திலும் எத்தனால் உண்டு. கேரளத்திலும் இதே இ20தான், விலையும் அங்கே கூடுதல். அங்கிருந்து இங்கே வந்து நிரப்பிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். கலப்பில்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிரேசிலில் முப்பது சதவீதம் ஓடுகிறதே, நமக்கு மட்டும் என்ன?

ஓடுகிறது. ஆனால் அவர்கள் தொடங்கியது 1975இல். வண்டிகள் பழகி மாற ஐம்பது வருடம் இருந்தது. 2003இலிருந்து எந்தக் கலவையிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் வண்டிகள் வந்தன, பங்கில் பெட்ரோல் கலவையும் தனி எத்தனாலும் பக்கத்துப் பக்கத்தில், விலை பார்த்துப் போடலாம். 30 சதவீதத்துக்குப் போனது 2025 ஆகஸ்டில்தான். பிரேசிலை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்துப் பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அரிசியையும் கரும்பையும் எரிப்பது சரியா? நம் மரச்சீனியிலிருந்து (மரவள்ளி) எடுக்கலாமே?

ஒரு டன் கரும்பிலிருந்து 70 லிட்டர், ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து 380, அரிசியிலிருந்து 450 லிட்டர் வரை கிடைக்கும். கரும்பு எத்தனால் ஒரு லிட்டருக்கு 2,860 லிட்டர் தண்ணீர் போகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையே எழுதியிருக்கிறது. மழை குறைந்த வருடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றை எத்தனாலுக்குத் திருப்பக் கட்டுப்பாடு போட்டார்கள், 2024 ஆகஸ்டில் நீக்கினார்கள். இந்த இடைவெளியில் மக்காச்சோளத்தின் பங்கு கூடி, கோழித்தீவன விலையும் ஏறியது. கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு நல்ல விலை கிடைத்ததையும் மறைக்க முடியாது. புகைக் கணக்கில் கரும்பு எத்தனால் பெட்ரோலைவிட 65 சதவீதம், மக்காச்சோளம் 50 சதவீதம் குறைவு என்பது அரசு சொல்லும் எண்.

மரச்சீனி 2018 கொள்கையிலேயே அனுமதித்த மூலப்பொருள்தான். குமரியில் சிக்கல் அளவு. நம்முடையது தென்னைக்கு ஊடே, ரப்பர் கன்றுக்கு ஊடே பத்து சென்ட், இருபது சென்ட் என்று நடுவது. பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கறுக்கும். ஆலைக்குத் தினமும் நூற்றுக்கணக்கான டன் வேண்டும். மீன்கறிக்கு வாங்குகிறவன் தரும் விலையை ஆலை தராது.

டீசலிலும் கலக்கிறார்களா?

இல்லை. பங்கில் விற்கும் டீசலில் எத்தனால் இல்லை.

இன்சூரன்ஸ் செல்லாது என்கிறார்களே?

இ20 போட்டதால் பாலிசி செல்லாமல் போகாது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. ஆனால் தேய்மானம், எஞ்சின் கோளாறு போன்றவை சாதாரண பாலிசியில் எப்போதுமே சேராது. ஹோஸ் வெடித்ததற்குப் பணம் வராது என்றால் அதற்குக் காரணம் எத்தனால் இல்லை.

பங்கில் போட்டு வெளியே வந்ததும் வண்டி நின்றுவிட்டது. என்ன செய்வது?

கனமழைக்குப் பிறகு பங்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் இப்படி ஒரே நாளில் பல வண்டிகள் நிற்கும். எத்தனால் பெட்ரோலுக்குத் தொட்டியில் தண்ணீர் பார்க்கும் பேஸ்டே தனி. பழைய பேஸ்ட் சாராயம் கலந்த தண்ணீரைச் சரியாகக் காட்டாது.

திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள், பம்பும் இன்ஜெக்டரும் அந்தத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிடும். பில்லை எடுத்து வையுங்கள், இல்லையென்றால் அப்போதே கேட்டு வாங்குங்கள், ஜிபே மெசேஜும் ஆதாரம்தான். பங்கிலேயே ஃபில்டர் பேப்பரும் அடர்த்தியும் பார்க்கச் சொல்லி, புகார்ப் புத்தகத்தில் நேரம், பம்ப் எண், லிட்டர் எழுதுங்கள். மெக்கானிக் டேங்கை வடிக்கும்போது இரண்டு கண்ணாடிக் குப்பியில் பிடித்து மூடி, அடுக்கு பிரிந்து நிற்பது தெரியும்படி வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, அன்றைய தேதியோடு படமெடுங்கள். பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில் வேண்டாம். புகாரை எண்ணெய் நிறுவனத்துக்கும் மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். இரண்டு குப்பியில் ஒன்றை மட்டும் கொடுங்கள், மற்றது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.